பேச்சு பாதி, வழி பாதி: ஒரு நம்பிக்கை மைய ஆற்றுநரின் வேலை

அந்த போனில் சேமித்து வைத்திருந்த பெயர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். ‘லேபர் வார்டு நைட்’, ‘டிபி சார் பழசு’, ‘டிபி சார் புதுசு’, ‘ஏஆர்டி மாத்திரை அக்கா’, ‘பென்ஷன் ஆபீஸ் மாடி’, ‘லீகல் மேடம்’. ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மைய ஆற்றுநராக இருக்கும் பெண்ணின் போன் அது. அவரிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களின் எண்களும் அதில் உண்டு. ஆனால் அவற்றில் ஒன்றுக்குக்கூடப் பெயர் கிடையாது, வெறும் இலக்கம்தான். போன் எங்காவது தொலைந்துபோனால் ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாதே.

நம்பிக்கை மையம் என்றால் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசமாகக் கிடைக்கும் இடம். பெரும்பாலான மையங்களில் ஒரு ஆற்றுநர், ஒரு லேப் டெக்னீஷியன், அவ்வளவுதான் ஆள். கவுன்சலர் என்றதும் நமக்கு மெத்தை நாற்காலி, மெல்லிய விளக்கு, கன்னத்தில் கைவைத்துக் கேட்கும் ஒரு முகம் என்று ஏதோ நினைவுக்கு வருகிறது. அங்கே போய்ப் பார்த்தால் ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஆணுறை செய்முறை காட்ட ஒரு மர மாதிரி, படங்களைப் புரட்டிக் காட்டும் அட்டை, தாளிட்டால் சரியாகப் பொருந்தாத ஒரு கதவு. பேசுகிற நேரத்துக்குச் சமமாக அவர் போனில்தான் இருக்கிறார். முதல் நாள் எனக்கே அது குறையாகப் பட்டது. இரண்டாம் நாள்தான் புரிந்தது, வேலையில் பாதி அந்த போனில்தான் நடக்கிறது என்று.

தமிழில் இந்த வேலைக்கு இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. ஆற்றுநர் என்று சிலர் எழுதுகிறார்கள், ஆற்றுப்படுத்துநர் என்று சிலர். அரசுக் கடிதங்களில் ஆலோசகர் என்றும் வரும். முதல் இரண்டும் ஒன்றின் சுருக்கம் மற்றொன்று என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் காதுக்கு அவை இரண்டு வேறு பொருளைத் தருகின்றன. ஆற்றுவது என்றால் சூட்டைத் தணிப்பது. டீயை ஆற்றுகிறோம், அழுகிறவரை ஆற்றுகிறோம். ஆற்றுப்படுத்துவது என்பதில் உள்ள ‘ஆறு’ வேறு, அதற்கு வழி என்று பொருள். ஆற்றுப்படை என்று சங்க காலத்தில் ஒரு பாடல் வகையே இருந்தது. வள்ளலிடம் பரிசு வாங்கித் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனை நிறுத்தி, எந்தப் பக்கம் போக வேண்டும், எங்கே பாறை வழுக்கும், எந்த ஊரில் சோறு கிடைக்கும், அரண்மனை வாசலில் எப்படிப் போய் நிற்க வேண்டும் என்றெல்லாம் சொல்லி அனுப்புவான். தான் போய்வந்த வழி என்பதால்தான் அவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல முடிகிறது. ஆற்றுநரின் வேலையில் ஆற்றுகிற பாதி எல்லோருக்கும் தெரியும். வழி காட்டுகிற பாதி வெளியே தெரிவதில்லை.

இந்த இரண்டாவது பாதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டு உறுதியாயின. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. ஆனால் அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்து, அதாவது ஏ.ஆர்.டி., இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1-ஆம் தேதிதான். நாடு முழுவதும் எட்டு மருத்துவமனைகளில் தொடங்கினார்கள், தாம்பரம் சானடோரியம் அவற்றில் ஒன்று.

1986-க்கும் 2004-க்கும் நடுவே 18 ஆண்டுகள். அந்தக் காலத்தில் ஒருவருக்குப் பாசிட்டிவ் என்று சொல்லிவிட்டு ஆலோசகர் அடுத்து எங்கே அனுப்புவார்? சொந்தமாக மருந்து வாங்க வசதி உள்ளவர்கள் மிகச் சிலர். காசநோயோ வயிற்றுப்போக்கோ வந்தால் அதற்கு வைத்தியம் பார்க்கலாம், நல்ல சாப்பாடு சாப்பிடச் சொல்லலாம், தைரியம் சொல்லலாம். ஆற்ற முடிந்தது, ஆற்றுப்படுத்த வழி இல்லை. மருந்து வந்த பிறகும் உடனே எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. சி.டி.4 என்னும் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால்தான் மாத்திரை. அதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். 2017-இல் அந்தக் காத்திருப்பு போனது. தொற்று உறுதியானால் எண்ணிக்கை என்னவாக இருந்தாலும் சிகிச்சை என்றானது. அதோடு ஆற்றுநரின் வேலையும் அவசர வேலையாகிவிட்டது. இன்று ரிசல்ட் சொன்னால் சில நாட்களுக்குள் அவர் ஏ.ஆர்.டி. மையத்தில் போய் நிற்க வேண்டும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குத் தொற்று போகாது என்பதும் இன்று உறுதியாகிவிட்ட உண்மை. அதனால் ஒருவரைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அவர் வீட்டில் இருப்பவரையும் காப்பாற்றியதாகிறது.

ரிசல்ட் சொல்லும்போது நான் உள்ளே இருக்கக் கூடாது என்று அந்த ஆற்றுநர் முதலிலேயே சொல்லிவிட்டார். நியாயம்தான். சரி, எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். என்னையே எதிரில் உட்காரவைத்துச் செய்து காட்டினார்.

“உக்காருங்கண்ணே. சாப்ட்டீங்களா?”

“ஆச்சு மேடம்.”

“யார் கூட வந்தீங்க?”

“தனியாத்தான்.”

“பஸ்ஸா, வண்டியா?”

“வண்டி.”

இங்கே நிறுத்திவிட்டு எனக்கு விளக்கினார். வண்டியில் வந்தவரைப் பாசிட்டிவ் என்று சொன்ன கையோடு அனுப்ப மாட்டாராம். டீ வாங்கிவரச் சொல்லி அரை மணி நேரமாவது உட்காரவைத்துவிட்டுத்தான் விடுவாராம். பிறகு மறுபடி ஆற்றுநர் ஆனார்.

“காலையில ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி பேசினோமே, ரெண்டுல எது வேணா வரலாம், எது வந்தாலும் பாத்துக்கலாம்னு. ஞாபகம் இருக்கா? உங்க ரத்தத்துல எச்.ஐ.வி. இருக்குண்ணே. மூணு தடவ வேற வேற கிட்டுல பாத்தாச்சு.”

அதன் பிறகு பேசவில்லை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. விளையாட்டுதான் என்று தெரிந்தும் என் கை எதையோ தேடியது. இந்த இடத்தில் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பயந்துபோய்ப் பேசிக்கொண்டே இருப்பார்களாம், மாத்திரை, சாப்பாடு, அரசு உதவி என்று. எதிரில் இருப்பவருக்கு அதில் ஒரு சொல்லும் காதில் ஏறாது. அவராக வாயைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலோர் கேட்பது ஒன்று, எவ்வளவு நாள் இருப்பேன். அடுத்தது, வீட்டில் என்ன சொல்வது.

“நாளெல்லாம் எண்ண வேண்டாம்ணே. இப்ப தினம் ஒரு மாத்திரை, சுகர்காரங்க சாப்பிடுற மாதிரி. நாளைக்கு ஒன்பது மணிக்குப் பெரியாஸ்பத்திரி போறீங்க. அங்க ஒரு அக்கா இருப்பாங்க. இப்பவே பேசிடலாமா?”

போனை ஸ்பீக்கரில் போட்டு ‘ஏஆர்டி மாத்திரை அக்கா’வைக் கூப்பிடுவது போலக் காட்டினார். அந்தப் பக்கத்துக் குரலை அவர் காதால் கேட்டுவிட வேண்டும், அதுதான் கணக்கு. சீட்டை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால் பலர் பெரிய மருத்துவமனையின் கேட்டோடு திரும்பிவிடுகிறார்கள். ஓ.பி. வரிசையில் சொந்தக்கார முகம் ஒன்று தென்பட்டால் போதும். எந்தக் கட்டடம் என்று வாட்ச்மேனிடம் கேட்கவும் கூச்சம், கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடுமே. அதனால் அவர் வழி சொல்லும்போது மையத்தின் பெயரே வராது. “பின்பக்க கேட் வழியா வாங்க, டீக்கடையத் தாண்டி ரெண்டாவது படிக்கட்டு, ஏறினதும் இடது கை.” பாணன் சொன்ன வழி எனக்கு நினைவுக்கு வந்தது இங்கேதான்.

மருத்துவமனைக்குள்ளேயே அவருக்கு முக்கியமான உறவு பக்கத்து அறை லேப் டெக்னீஷியன். இருவருக்கும் ஒத்துப்போகாத மையம் நடக்காது. ரிசல்ட் சொல்லும் முன்பே டெக்னீஷியன் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தால் கெட்டது. கூட்டம் இருக்கும்போது “மேடம், இவருக்கு இன்னொரு கிட்” என்று கதவருகே நின்று குரல் கொடுத்துவிட்டால் அதைவிடக் கெட்டது.

அடுத்தது காசநோய்ப் பிரிவு. எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது காசநோய்தான். அதனால் இரண்டு பக்கமும் போக்குவரத்து உண்டு. அங்கே வருகிற ஒவ்வொருவரும் இங்கே எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வர வேண்டும். இங்கே பாசிட்டிவ் ஆனவரிடம் ஒவ்வொரு முறையும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்: இருமல் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, எடை குறைகிறதா, ராத்திரியில் வேர்க்கிறதா. ஏட்டில் இது சுலபம். நடைமுறையில் காசநோய் மேற்பார்வையாளர் மாதத்தில் பாதி நாள் கிராமங்களில் சுற்றிக்கொண்டிருப்பார். அவர் எந்த நாளில் எங்கே இருப்பார் என்று தெரிந்தவர்தான் இந்த வேலையைச் செய்ய முடியும். ‘டிபி சார் பழசு’ மாற்றலாகிப் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் புதியவரிடம் வேலை ஆகவில்லை என்றால் பழையவரைத்தான் கூப்பிட்டுச் சொல்லச் சொல்கிறார்.

பிரசவ வார்டு தனிக்கதை. எதுவுமே செய்யாமல் விட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம்வரை. தாய்க்கு முன்கூட்டியே மருந்து தொடங்கி, குழந்தைக்கும் பிறந்தவுடன் சொட்டு மருந்து கொடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். இவ்வளவு பெரிய வித்தியாசம் ஒரு போன் அழைப்பில் தொங்குகிறது. கர்ப்பிணியின் ஒன்பதாம் மாதத் தேதி ஆற்றுநரின் நோட்டில் இருக்கும், ஆனால் வலி எடுப்பதோ ராத்திரி இரண்டு மணிக்கு. அன்று டூட்டியில் இருக்கும் நர்சுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அலமாரியில் மருந்து இருக்க வேண்டும், சாவி யாரிடம் என்று தெரிந்திருக்க வேண்டும். அதே நேரத்தில் பக்கத்துப் படுக்கைக்காரிக்குத் தெரியக் கூடாது, வாசலில் நிற்கும் மாமியாருக்கும் தெரியக் கூடாது. ‘லேபர் வார்டு நைட்’ என்ற எண் இதற்காகத்தான். பிரசவம் முடிந்தாலும் கதை முடியாது. ஆறாவது வாரத்தில் குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம், அப்புறம் இடையிடையே சோதனைகள், 18-ஆம் மாதத்தில் இறுதிச் சோதனை. ஒன்றரை வருடம் ஒரு குடும்பம் அவர் கண்ணைவிட்டு மறையக் கூடாது. முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விடும் ஊரில் இது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தாய்வீட்டுப் பக்கம் எந்த மருத்துவமனை, அங்கே நம்பிக்கை மையத்தில் யார் இருக்கிறார்கள்? இன்னொரு போன்.

மருத்துவமனைக்கு வெளியே உள்ள தொடர்புகள் பலவிதம். பாலியல் தொழிலாளர்கள், திருநங்கைகள், லாரி ஓட்டுநர்கள் நடுவே வேலை செய்யும் தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள் ஆட்களை அழைத்துவருவார்கள். தொற்றுள்ளவர்களே நடத்தும் அமைப்புகள் மாவட்டங்களில் உண்டு, ‘பாசிட்டிவ் நெட்வொர்க்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஆற்றுநர் ஒரு மணி நேரம் பேசியும் நம்பாதவர், “எனக்கும் பதினஞ்சு வருஷமா இருக்கு, பாருங்க நல்லாத்தானே இருக்கேன்” என்று ஒருவர் சொன்னதும் நிமிர்ந்து உட்காருகிறார். சொத்தைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பப்பட்ட விதவைக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஒரு அலுவலகம், உதவித்தொகைக்கு இன்னொன்று. அந்த அலுவலகங்களில் எந்த மேசையில் இருப்பவர் மனு கொடுத்தவரின் நிலையைச் சத்தமாக வாசிக்க மாட்டார் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் இந்த வேலையின் முடிச்சு இருக்கிறது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் உட்காரவைக்கிறார். அடுத்த பத்து நிமிடத்தில் உதவிக்காக இன்னொருவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தொடர்பும் ரகசியத்தில் விழும் ஒரு ஓட்டை. எனவே யாரிடம், எவ்வளவு, எதற்காகச் சொல்லப்போகிறேன் என்று முன்கூட்டியே கேட்டு ஒப்புதல் வாங்குகிறார். வீட்டுக்கு போன் செய்ய வேண்டியிருந்தால், “யாராவது எடுத்தா எங்கிருந்து பேசுறேன்னு சொல்லட்டும்?” என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்கிறார். ஒருவருக்கு எல்.ஐ.சி., ஒருவருக்கு மகளிர் குழு.

ரகசியம் காப்பதற்குச் சட்டமும் தாமதமாகத்தான் வந்தது. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளியே சொன்னதால் அவருடைய கல்யாணம் நின்றுபோன வழக்கில், மருத்துவமனை செய்தது தவறில்லை என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், ஒப்புதல் இல்லாமல் சோதிப்பதையும் நிலையை வெளியிடுவதையும் தடை செய்கிறது. துணைவருக்குச் சொல்வதற்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசலில் நுழைய மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டும்தான் அனுமதி. அதுவும் துணைவருக்குத் தொற்றும் ஆபத்து அதிகம் என்று நம்பக் காரணம் இருந்து, நீங்களே சொல்லுங்கள் என்று எடுத்துச் சொல்லிப் பார்த்து, சொல்ல மாட்டார் என்று உறுதியாகி, நான் சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரிவித்த பிறகு. பெண்ணின் விஷயத்தில், சொன்னால் அடியோ உதையோ விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்ற அச்சம் இருந்தால் சொல்லவே கூடாது. படித்தால் தெளிவாகத்தான் இருக்கிறது. புருஷன் பாசிட்டிவ், மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் வயிற்றில் நாலு மாதம். இப்போது எத்தனை நாள் பொறுக்கலாம்? அதைச் சட்டம் சொல்லாது. இந்த ஆற்றுநர், அந்தப் புருஷனிடம் கெடு வைப்பாராம், “வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்களே கூட்டிட்டு வாங்க, நான் பக்கத்துல இருக்கேன்.” பெரும்பாலும் வந்துவிடுகிறார்கள் என்றார். வராதவர்களைப் பற்றிக் கேட்டபோது பேச்சை மாற்றினார்.

தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு நெடுந்தூரம் போக வேண்டாம். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது வெளியே வந்தது. ரத்தம் கொடுத்த இளைஞர் 2016-லும் கொடுத்திருக்கிறார், அப்போதே தொற்று தெரிந்திருக்கிறது, ஆனால் அந்தச் செய்தி அவருக்கு உரிய முறையில் போய்ச் சேரவில்லை என்று அன்றைய செய்திகள் சொல்லின. வெளிநாட்டு வேலைக்காக வேறிடத்தில் ரத்தப் பரிசோதனை செய்தபோதுதான் விஷயம் தெரிந்து, அவரே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். சில நாட்களில் அவர் உயிரிழந்தார். சர்ச்சை முழுக்கச் சோதனையில் எங்கே கோட்டைவிட்டார்கள் என்பதில் நின்றது, அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ரத்த வங்கியில் தொற்று தெரிந்தால் கொடையாளரைக் கூப்பிட்டு நம்பிக்கை மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று வழிமுறை இருக்கிறது. 2016-இல் ஒருவர் அவரைத் தேடிப்பிடித்து ஒரு நாற்காலியில் உட்காரவைத்துப் பேசியிருந்தால் இரண்டாவது முறை அவர் ரத்தம் கொடுத்திருக்கவே மாட்டார். அனுப்பியதாக ஏட்டில் எழுதுவது ஒன்று, ஆள் போய்ச் சேர்ந்தாரா என்று பார்ப்பது வேறொன்று.

இவ்வளவையும் சுமக்கிறவருடைய வேலை ஒப்பந்த வேலை. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். சமூகப்பணியிலோ உளவியலிலோ முதுகலை படித்துவிட்டு, பதினைந்து வருடம் இதே மேசையில் இருந்தும் நிரந்தரம் ஆகாதவர்கள் ஏராளம். மாதாந்திர அறிக்கையில் எத்தனை பேருக்குச் சோதனை, எத்தனை பாசிட்டிவ், எத்தனை பேர் ஏ.ஆர்.டி.யில் பதிவு என்று கட்டங்கள் இருக்கின்றன. டீ வாங்கிக் கொடுத்து அரை மணி நேரம் உட்காரவைத்ததற்குக் கட்டம் இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் துக்கத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற இவரை யார் ஆற்றுவது? மூத்தவர் ஒருவரிடம் தொடர்ந்து பேசித் தெளியும் வழக்கம் இந்தத் தொழிலுக்கு அடிப்படை என்று பாடப்புத்தகம் சொல்லும். இங்கே அந்த இடத்தை நிரப்புவது மாவட்டத்து ஆற்றுநர்களின் வாட்ஸ்அப் குழுவும், மாதக் கூட்டம் முடிந்து பஸ் ஏறுமுன் சாப்பிடும் ஒரு மசால் தோசையும்தான். “அங்க அழலாம், யாரும் ரெஜிஸ்டர்ல எழுத மாட்டாங்க” என்றார்.

இவர் போய்விட்டால் அடுத்து வருகிறவருக்கு ரெஜிஸ்டர் கிடைக்கும், கணினியில் உள்ள பட்டியல் கிடைக்கும். பின்பக்க கேட், இரண்டாவது படிக்கட்டு, அலமாரிச் சாவி, சத்தமாக வாசிக்காத மேசை, இவையெல்லாம் எதிலும் இல்லை. ஒரு மையத்துக்குப் புது ஆள் வந்த முதல் சில மாதங்களில் பலர் மாத்திரை வாங்க வராமல் போவதைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். மருந்தும் அதே, கட்டடமும் அதே.

நான் கிளம்பும்போது மணி ஐந்தரை. பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை உடன் வந்தவருக்கு ஒரு அழைப்பு. திரையில் நான்கு இலக்க எண் மட்டும். லாரி ஓட்டுகிறவர், ராய்ப்பூர் பக்கம் வண்டி பழுதாகி ஐந்து நாளாக நிற்கிறதாம். மாத்திரை நாளை காலையோடு தீர்கிறது. “பயப்படாதீங்கண்ணே, புக்கு கையில இருக்கா? போட்டோ எடுத்து அனுப்புங்க” என்று சொல்லிவிட்டு வைத்தார். அப்புறம் வேறொரு எண்ணைத் தேடினார். போன வருடம் ஒரு பயிற்சியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குச் சத்தீஸ்கரில் ஒரு தோழி உண்டாம். எங்கள் பஸ் வந்தது. கையைக் காட்டி என்னை ஏறச் சொல்லிவிட்டு, காதில் போனோடு, அரைகுறை இந்தியில் அவர் அங்கேயே நின்றுகொண்டார்.